நுண்ணுயிர்க்கொல்லிக்குப் பதில் 'தடைச்சுரப்பு' சரியா?

எல்லோருக்கும் வணக்கம்.

வேர்மண்ணில் வாழும் நல்ல பாக்டீரியாக்கள் நோய்ப் பூஞ்சைகளை அடக்க வெளியிடும் பொருள்களை (ஆங்கிலத்தில் antibiotic) தமிழில் 'நுண்ணுயிர்க்கொல்லி' என்றே அழைக்கலாம் என்று இங்கே சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கொல்லி என்றதுமே பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி வரிசையில் தண்ணீரில் கலக்கித் தெளிக்கிற மருந்துதான் நினைவுக்கு வரும். ஆனால் விவசாயி விதைநேர்த்தி செய்வது சூடோமோனாஸ் என்ற உயிருள்ள பாக்டீரியாவைக் கொண்டு. பொட்டலத்தில் நுண்ணுயிர்க்கொல்லி என்று எழுதியிருந்தால் உள்ளே இருப்பது நுண்ணுயிரா, அதைக் கொல்வதா என்று குழம்ப மாட்டாரா? அதே பொருளுக்குச் சொல்லப்படும் இன்னொரு பெயரான 'எதிருயிரி'யிலும் இதே சிக்கல். பொருளுக்கு உயிரி என்று பெயர் வைத்துவிட்டால் அதைச் சுரக்கிற பாக்டீரியாவை என்னவென்று சொல்வது?

அப்புறம், எல்லாமே கொல்வதும் இல்லை. ஆய்வகத்தில் நுண்ணுயிர் வளர்க்கும் ஒரு தட்டில் ஒரு பக்கம் பூஞ்சையையும் மறுபக்கம் பாக்டீரியாவையும் வளர்த்துப் பாருங்கள். வெள்ளைப் பஞ்சு மாதிரி பரவிவரும் பூஞ்சை, பாக்டீரியாக் கோட்டுக்குச் சில மில்லிமீட்டர் முன்னாலேயே நின்றுவிடும். அந்த ஓரத்துப் பூஞ்சையைக் கிள்ளிப் புதுத் தட்டில் வைத்தால் சில நேரம் மறுபடி வளரும், அதாவது செத்துப்போகவில்லை, தடைபட்டுத்தான் நின்றிருக்கிறது. பாசில்லஸ் என்ற இன்னொரு பாக்டீரியா தரும் இட்யூரின், ஃபென்ஜைசின் என்ற பொருள்கள் இரண்டும் பூஞ்சையின் செல்சவ்வையே ஓட்டையாக்கும், அங்கே கொல்லி பொருந்தும் என்பது உண்மைதான். ஆனால் கொன்றாலும் பரவல் தடைபடத்தானே செய்கிறது, அதனால் 'தடை' இரண்டுக்கும் செல்லும்.

ஆகவே என் பரிந்துரை 'தடைச்சுரப்பு'. பால் சுரக்கிறது, ஊற்று சுரக்கிறது என்கிறோமே, அதே சுரப்பு. செடியின் வேர் வெளியிடுவதை ஏற்கெனவே வேர்க்கசிவு என்கிறோம், அதன் பக்கத்தில் இது இயல்பாக நிற்கும். "கோதுமை வேரைத் தாக்கும் பூஞ்சையைச் சூடோமோனாசின் தடைச்சுரப்பு அடக்குகிறது" என்று வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன், எங்கும் இடறவில்லை. இப்படிச் சுரக்கும் பொருள்களில் ஃபீனசின், பிரோல்நைட்ரின் போன்ற தனிப்பெயர்களை ஒலிபெயர்த்தே வைத்துக்கொள்வோம்.

ஒரே ஓர் இடம்தான் எனக்கு உறுத்துகிறது. சில சூடோமோனாஸ்கள் ஹைட்ரஜன் சயனைடை வாயுவாக வெளியிடுகின்றன, அதைச் சுரப்பு என்பது சரியா, 'தடைவளி' என்று பிரித்துவிடலாமா? இந்தப் பாக்டீரியாக்கள் வெளியிடும் சிடரோஃபோர் என்ற பொருளை மட்டும் இதில் சேர்க்க வேண்டாம் என்பேன். அது மண்ணிலுள்ள இரும்பை முந்திப் பிடித்துக்கொண்டு பூஞ்சையைப் பட்டினி போடுகிறது, வேலையே வேறு. அதற்கு 'இரும்புப்பற்றி' என்று தனிச்சொல் வைக்கலாம்.