புதுப்பிப்பு: ஆயாவின் தோசைக்கல் பிழைத்துக்கொண்டது

2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளம் எங்கள் தண்டையார்பேட்டை வீட்டுக்குள் வந்தபோது நனைந்த வார்ப்பிரும்புத் தோசைக்கல், பரணில் கிடந்து செதில் செதிலாகத் துருப்பிடித்திருந்தது. காயலான் கடைக்குப் போடலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். போடவில்லை.

வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, கம்பி நாரால் தேய்த்தேன். "ராத்திரி முழுக்க ஊறட்டும்" என்றவர்கள் மன்னிக்கவும், அந்த அமிலம் துருவோடு நிற்காது, இரும்பையும் அரிக்கும். கழுவியதும் உடனே அடுப்பில் வைத்து ஈரத்தை வற்றவிட்டேன். கடல்காற்று அடிக்கிற நம் பக்கம் பத்து நிமிடம் விட்டாலே மறுபடி செம்மண் நிறம்தான்.

சொதப்பியது எண்ணெயில். தாராளமாக நல்லெண்ணெய் தடவிச் சூடாக்கினேன். கல் முழுக்கப் பிசுபிசுப்பு. எண்ணெய் மெல்லிய படலமாக இருந்தால்தான் சூட்டில் இறுகி இரும்போடு ஒட்டும். சரி என்று சுரண்டிவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். தடவியதை முழுக்கத் துடைத்து எடுப்பதுபோலத் துடைத்து, புகை வந்து அடங்கும்வரை சூடாக்கி, ஆறவிட்டு, மொத்தம் ஐந்து தடவை. ஐந்தாவதில் கருப்பு பிடித்தது.

முதல் இரண்டு தோசை பிய்ந்தது. மூன்றாவது தானாகக் கிளம்பி வந்தது. இப்போதைக்குப் புளிக்குழம்பு எதையும் இதில் சுண்டவிடக் கூடாது என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். காசிமேட்டு வஞ்சிரம் வறுக்கத் தடையில்லை.