புது வீட்டில் ஒடுங்கிப்போன பூனைக்கு வழி சொல்லுங்கள்

குழுவினருக்கு வணக்கம். கணவரை இழந்தபின், 26 ஆண்டுகள் வாழ்ந்த தனி வீட்டை விட்டு மகளின் அடுக்குமாடிக் குடியிருப்புக்குக் கடந்த மாதம் குடிவந்தவள் நான். மகள், மருமகன், வாய் ஓயாத பேத்தி, மாலையில் கொஞ்சம் தையல் என்று என் நாட்கள் ஒருவாறு பழகிவிட்டன. பழகாதது என்னுடன் வந்த 9 வயதுப் பூனைதான். பகல் முழுவதும் துணி துவைக்கும் இயந்திரத்தின் பின்னால் ஒடுங்கிக் கிடக்கிறது. பேத்தியின் காலடி கேட்டாலே காதுகளைப் பின்னுக்கு மடக்கிக்கொண்டு இன்னும் உள்ளே நகர்கிறது.

கன்னத்தை உரசி வைத்த வாசனையைக் கொண்டே பூனை தன் இடத்தை அடையாளம் காணும் என்பதால், முதலில் ஒரே அறையில் வைத்துப் பழக்க வேண்டும் என்பதை அறியாமல், வந்த அன்றே வீடு முழுவதையும் திறந்துவிட்டது என் பிழை. அதன் பழைய போர்வையைச் சுத்தமாகத் துவைத்து விரித்தது (எனக்கு அப்படியொரு சுத்தப் பித்து) அதைவிடப் பெரிய பிழை.

மருத்துவரிடம் காட்டியதில் உடலில் குறையில்லை. இரவில் மட்டும் வந்து சாப்பிடுகிறது. இனி ஓர் அறைக்குள் வைத்து முதலிலிருந்து தொடங்கலாமா, அல்லது தானாக வெளியே வரும்வரை விட்டுவிடலாமா? வயதான பூனையுடன் வீடு மாறியவர்கள், குறிப்பாகச் சிறு குழந்தை உள்ள வீட்டினர், தாங்கள் செய்ததை எழுதினால் பேருதவியாக இருக்கும்.