காற்றில் உருளும் காய்க்கொத்து

அக்கா (பிரிட்டோரியா): மகாலீஸ்பர்க் மலைச்சரிவில் நடந்துகொண்டிருந்தபோது, துணி கிழிந்து கம்பிகள் மட்டும் மிஞ்சிய குடையைப் போன்ற காய்ந்த கொத்து ஒன்று உருண்டு வந்து என் காலில் மோதி நின்றது. படம் அனுப்பியிருக்கிறேன். இது என்ன, பெரியப்பா?

பெரியப்பா: பூஃபோனே டிஸ்டிக்கா என்னும் செடியின் காய்க்கொத்து, அம்மா. பூக்கும்போது இளஞ்சிவப்புப் பூக்கள் பந்துபோல நெருங்கியிருக்கும். பூ வாடிய பிறகு ஒவ்வொரு காம்பும் ஏறக்குறைய ஓர் அடி வரை நீண்டு, விறைத்து, நுனியில் காயைத் தாங்கி நிற்கும். தண்டு காய்ந்ததும் கொத்து முழுவதும் முறிந்து, காற்று தள்ளும் பக்கமெல்லாம் விதையைச் சிந்தியபடி உருண்டு போகும்.

அத்தை: நம் கடற்கரை மணலில் ஓடும் இராவணன் மீசையைப் போலவா, அண்ணா?

பெரியப்பா: ஓட்டம் அதேதான். ஆனால் அது புல். இது விஷமூங்கில் என்னும் கிழங்குப் பூச்செடியின் குடும்பம். விஷமூங்கிலைப் போலவே விதை சதைப்பற்றோடு இருக்கும், சேமித்து வைக்க முடியாது, உதிர்ந்ததும் முளைக்கத் தொடங்கிவிடும்.

அக்கா: வந்த வழியே சென்று தாய்ச்செடியையும் பார்த்துவிட்டேன். பெரிய வெங்காயத்தைப் பாதி புதைத்து வைத்தாற்போலக் கிழங்கு தரைக்கு மேல் தெரிகிறது. அதைச் சுற்றிக் காகிதம் போன்ற பழுப்புச் சருகு அடுக்கடுக்காக இருக்கிறது. இலைகள் இப்போதுதான் பனையோலை விசிறிபோல விரிகின்றன.

பெரியப்பா: இலைகள் இரண்டே வரிசையில் அமைவதைத்தான் 'டிஸ்டிக்கா' என்ற சொல் குறிக்கிறது. குளிர்காலத்தில் இலையுதிர்ந்து மொட்டையாகக் கிடக்கும் கிழங்கிலிருந்து முதலில் பூவும் அதன் பிறகே இலையும் வரும். புல்வெளி தீப்பற்றினாலும் உள்ளிருக்கும் உயிரை அந்தச் சருகு காத்துவிடும்.

அத்தை: ஊருக்கு வரும்போது ஒரு கிழங்கு கொண்டு வா, கண்ணு.

பெரியப்பா: வேண்டவே வேண்டாம். 'மாட்டைக் கொல்வது' என்பதே பூஃபோனேயின் பொருள். தென்னாப்பிரிக்காவின் பழங்குடி வேட்டையாடிகளான சான் மக்கள் அம்பு நுனியில் தடவிய நஞ்சுகளில் இதுவும் ஒன்று. அதோடு, இடம் பெயர்த்த கிழங்கு பல ஆண்டுகள் பூக்காமல் முரண்டு பிடிக்கும்.

அக்கா: கொத்தில் ஐந்தாறு விதைகள் ஒட்டியிருந்தன, ஒன்றில் முளையே வந்துவிட்டது. திரும்பப் புல்லில் விட்டேன். காற்று அதைக் கொண்டுபோய் வேலிக்கம்பியில் மாட்டிவிட்டது.

அத்தை: அதை எடுத்துவிட்டுவிட்டு அப்புறம் வீட்டுக்குப் போ.