ஏ620 போர்டு போதுமா, பி650 வேண்டுமா? தம்பியின் கேமிங் கணினிக்கு உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. தக்கலையிலிருந்து எழுதுகிறேன். பிளஸ் டூ முடித்த தம்பிக்குக் கேமிங் கணினி கட்டித் தருவதாகச் சொல்லியிருந்தேன். ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு வாங்கியாயிற்று. பிராசசரும் மதர்போர்டும்தான் முடிவாகவில்லை.

நாகர்கோவிலில் ஒரு கடையில் இன்டெல் ஐ5 12400எஃப் பிராசசர், பி760 போர்டு என்றார்கள். அதில் டிடிஆர்4 (முந்தைய தலைமுறை ராம்) மாடல் போர்டு எடுத்தால் பழைய ராமையே போட்டுக்கொள்ளலாம், செலவு மிச்சம். ஆனால் அந்தப் பிராசசர் பொருந்தும் எல்ஜிஏ1700 சாக்கெட் இன்டெல்லின் 14ஆம் தலைமுறையோடு நின்றுவிட்டது. என் மனசு ஏஎம்டியின் ரைசன் 5 7600 பிராசசர் பக்கம்தான் சாய்கிறது. அது பொருந்தும் ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரையாவது ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. பின்னாளில் போர்டை மாற்றாமல் பிராசசரை மட்டும் மாற்றலாம். என்ன, டிடிஆர்5 ராம் புதிதாக வாங்கியே ஆக வேண்டும்.

சரி, ஏஎம்5 போர்டிலும் எந்தச் சிப்செட் (போர்டின் வசதிகளைத் தீர்மானிக்கும் சிப்), ஏ620ஆ, பி650ஆ? ஏ620இல் பிராசசரை ஓவர்கிளாக் செய்ய (நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்ட) முடியாது, அது பரவாயில்லை. மலிவான போர்டுகள் பலவற்றில் விஆர்எம் (பிராசசருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதி) மேல் ஹீட்சிங்க் (சூடு தணிக்கும் உலோகத் தகடு) இல்லாததுதான் பயமாக இருக்கிறது. நாளைக்கு ரைசன் 7 போட்டால் தாங்குமா?

அப்புறம், போன ஐப்பசி இடிமழையில் பழைய போர்டின் லேன் போர்ட் (இன்டர்நெட் கேபிள் செருகும் இடம்) போய்விட்டது. நம் மாவட்டத்தில் ஏஎம்5 பயன்படுத்துகிறவர்கள், போர்டு மாடலோடு இடிக்கு என்ன பாதுகாப்பு வைத்திருக்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள்.