சார் சிலை: நாளைக்கு அச்சு

சிற்பி அண்ணன்: எல்லாருக்கும் வணக்கம். களிமண் வேலை முடிஞ்ச மாதிரிதான். நாளைக்குக் காலையில ரப்பர் அச்சு எடுக்கறேன், அதுக்கப்புறம் மூக்கு முழியில கை வைக்க முடியாது. சாரோட பக்கவாட்டுப் போட்டோ ஒண்ணு இன்னிக்கு ராத்திரிக்குள்ள வேணும். வந்ததெல்லாம் நேரா பாக்கறதாவே இருக்கு.

அக்கா: 👍

அத்தான்: நான் போன்ல எடுத்தது அனுப்பினேனே

சிற்பி அண்ணன்: அது கிட்டக்க வச்சு எடுத்தது மாப்ள. மூக்கு பெருசாவும் காது சின்னதாவும் விழுந்திருக்கு. அத நம்பிப் பண்ணா சார் வேற ஆளாயிடுவார். தள்ளி நின்னு எடுத்த பழைய போட்டோ வேணும். மூக்கு நுனிக்கும் காதுக்கும் எவ்வளவு தூரம்னு நேர் போட்டோ சொல்லாது.

சித்தப்பா: அண்ணனுக்கு மூக்கே பெருசுதாம்ப்பா

சின்னவ: சிலை அப்பா சைஸேவா?

சிற்பி அண்ணன்: ஒரு சுத்து பெருசு. வெண்கலம் ஆறும்போது நூத்துக்கு ஒன்றரை, ரெண்டு சுருங்கும். அதுக்கு முன்னாடி அச்சுல எடுக்கற மெழுகும் தன் பங்குக்குச் சுருங்கும். உள்ள பொள்ளல்தான், சுவர் 5 மில்லிமீட்டர். கெட்டியா ஊத்துனா கனமான இடம் கடைசியா ஆறி, கன்னத்துல குழி விழுந்துரும்.

சின்னவ: அப்போ அப்பா தலைக்குள்ள ஒண்ணுமில்ல 😂

அம்மா: என்னடி பேச்சு இது

சித்தப்பா: தங்கக் கலர்ல பாலீஷ் போட்டுருங்க

அத்தான்: கல்வெட்டுல பேர் வரிசை முடிவாச்சா? போன தடவை மாதிரி மாப்பிள்ளைங்கள விட்டுறாதீங்க

அக்கா: இப்ப அதுவா முக்கியம்

அம்மா: கண்ணாடி எங்க? அனுப்புன படத்துல கண்ணாடியே இல்ல

சிற்பி அண்ணன்: அதான்மா கேக்கணும்னு இருந்தேன். வெண்கலத்துல கண்ணுக்கு நிறம் கெடையாது. கண்பாப்பாவக் குழியாத் தோண்டி, ஓரத்துல சின்னத் துணுக்கு விட்டு வைப்போம். குழியில நிழல், துணுக்குல வெளிச்சம், அதான் பார்வை. மேல ஃபிரேம் வச்சா அந்த நிழலே கொழம்பிடும். பிரெஞ்சுச் சிற்பி ரொதேன் கிட்டப்பார்வைக்காரர், மூக்குக் கண்ணாடி போட்டவர். அவர்கிட்ட வேலை பாத்த கமீல் கிளோதெல் அவர மாதிரியே பண்ணின வெண்கலத் தலையை 1892-ல பாரிஸ்ல காட்சிக்கு வச்சாங்க. அதுல கண்ணாடி இல்ல.

அம்மா: அவர் யாரோ. இவர் கண்ணாடி இல்லாம என்னையே யாருன்னு கேப்பார்

சித்தப்பா: 😂😂 நெசம்

சின்னவ: கண்ணாடி வேணும்னு என் ஓட்டு

அக்கா: எனக்கு வேணாம். கண்ணு தெரியட்டும்

சிற்பி அண்ணன்: ஃபிரேமைத் தனியா வார்த்து அப்புறமாக்கூட பத்த வைக்கலாம். ஆனா நெசக் கண்ணாடி கையில இருந்தாத்தான் அளவு கிடைக்கும். யார்கிட்ட இருக்கு?

அம்மா: கூடு அலமாரியில இருக்கு. உள்ள கண்ணாடி இல்ல

அக்கா: சித்தப்பா?

சித்தப்பா: நான் குடை மட்டும்தான் எடுத்தேன்

அம்மா: அந்தக் குடையத்தான் அன்னிலேருந்து தேடிட்டிருக்கேன்

சின்னவ: அக்கா உன் கல்யாண ஆல்பத்துல ஒரு பக்கவாட்டுப் போட்டோ இருக்கே

அக்கா: வேணாம்

சிற்பி அண்ணன்: அனுப்பும்மா, பாக்கறேன்

அக்கா: 📷 படம்

சிற்பி அண்ணன்: இதான்! தாடை, காதுமடல், கழுத்து நரம்பு எல்லாம் கிடைக்குது. இடது புருவம் கொஞ்சம் தூக்கி. நான் கோடு தப்பாப் போட்டுட்டு நிக்கறப்போ இதே மாதிரிதான் பாப்பார். எங்க பாக்கறார்?

அத்தான்: வாசலை. தாலி கட்டற வரைக்கும் அங்கயே கண்ணு. யாருக்காகன்னு எல்லாருக்கும் தெரியும்

அக்கா: போதும்ங்க

பெரியண்ணன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சித்தப்பா: யாரு குரூப் படத்தை மாத்துனது? என் தல பாதி வெட்டியிருக்கு

சின்னவ: அண்ணா என்ன போட்டு அழிச்ச?

பெரியண்ணன்: கண்ணாடி என்கிட்ட இருக்கு

அம்மா: ஒடையாம இருக்கா

பெரியண்ணன்: ஒரு காது லூஸு. அச்சு எத்தனை மணிக்கு?

சிற்பி அண்ணன்: 7 மணி. நீ வர்றதுன்னா 8-க்குத் தள்ளறேன்.

அத்தான்: எல்லாம் சரி, கல்வெட்டு?