வெனிஸில் ஏற வேண்டிய கப்பல் ட்ரியஸ்டேவுக்கு மாறிவிட்டது, யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம். வரும் சனிக்கிழமை அம்மா அப்பாவோடு வெனிஸில் கப்பல் ஏற இருந்தோம். நேற்று இரவு மெயில் வந்தது: ஏறும் இடம் இத்தாலியின் இன்னொரு துறைமுக ஊரான ட்ரியஸ்டேவாம். 2021 ஆகஸ்டிலிருந்து பெரிய கப்பல்கள் வெனிஸ் நகரக் கால்வாய் வழியாகப் போக இத்தாலி தடை விதித்திருக்கிறது. அந்த ஊருக்கு அது நல்லதுதான். ஆனால் நான்கு நாள் இருக்கும்போது துறைமுகத்தை மாற்றினால் எப்படி?

எங்கள் விமானம் வெனிஸின் மார்கோ போலோ விமான நிலையத்தில் காலை 11:20க்கு இறங்கும். 4:30க்கு செக்-இன் மூடிவிடுவார்கள். வெனிஸை ஒட்டிய மெஸ்த்ரே ரயில் நிலையத்திலிருந்து ட்ரியஸ்டேவுக்கு ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். இறங்கினால் துறைமுகம் நடக்கும் தூரம்தான். ஆனால் அம்மாவுக்கு முழங்கால் வலி, நான்கு பெட்டி வேறு.

கம்பெனி பஸ் விடுவதாக மெயிலில் ஒரு வரி இருக்கிறது. எங்கிருந்து, எத்தனை மணிக்கு என்று இல்லை. நாற்பது நிமிடம் காத்திருந்தும் போனை யாரும் எடுக்கவில்லை.

இப்படி மாறி ஏறியவர்கள் சொல்லுங்கள்: பஸ்ஸை நம்பலாமா, ரயிலே மேலா, இல்லை வேன் பிடிப்பதா? வெனிஸ் என்று அச்சடித்த பெட்டிச் சீட்டுகளை அப்பா நேற்றே கட்டிவிட்டார். அவற்றை மாற்ற வேண்டுமா? அப்புறம், வேன் செலவைத் திருப்பிக் கேட்டு வாங்கியவர்கள் உண்டா?