அட்ரிஷன் ரேட்: தேய்மானமா, விலகலா, நீங்குவீதமா?

அன்புள்ள குழுவினர்க்கு,

மனிதவள அளவீட்டுச் சொற்பட்டியலில் ‘ஆள் எண்ணிக்கை’, ‘வருகையின்மை வீதம்’, ‘காலியிடம் நிரம்ப ஆகும் நாட்கள்’ மூன்றிலும் தகராறில்லை. ஓராண்டில் நூற்றுக்கு எத்தனை ஊழியர்கள் வேலையிலிருந்து போகிறார்கள் என்று சொல்லும் அட்ரிஷன் ரேட்டில்தான் வண்டி நிற்கிறது. நாளிதழ்கள் ‘ஊழியர்கள் வெளியேறும் விகிதம்’ என்கின்றன. செய்திக்குச் சரி, அட்டவணைத் தலைப்புக்கு நீளம். ‘தேய்மானம்’ அந்த ஆங்கிலச் சொல்லின் வேருக்குப் பொருந்தும்தான். ஆனால் அதே ஆண்டறிக்கையில் சில பக்கம் தள்ளி இயந்திரத் தேய்மானம் உட்கார்ந்திருக்கும். இதன் இன்னோர் ஆங்கிலப் பெயரான டர்ன்ஓவர் பக்கம் போனால், மொத்த விற்பனையைக் குறிக்கும் ‘விற்றுமுதல்’ வந்து மறிக்கிறது. இலங்கை வழக்கான ‘புரள்வு’ம் ‘புரள்வு வரி’ என விற்பனைப் பக்கமே சாய்கிறது. ‘விலகல் வீதம்’ போதுமா?

———

> ‘விலகல் வீதம்’ போதுமா?

போதாது. ‘நியம விலகல்’ (ஸ்டாண்டர்ட் டீவியேஷன்) என்று இலங்கைப் புள்ளியியலில் அது ஏற்கெனவே வேறு வேலை பார்க்கிறது. அதை விட்டாலும், சிக்கல் பின்னத்தின் தொகுதியில், அதாவது மேல் எண்ணில், இருக்கிறது. விலகல் என்றால் தானாகப் போவது. பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி கேட்கும் பி.ஆர்.எஸ்.ஆர். (நிறுவனப் பொறுப்பு, நிலைத்தன்மை) அறிக்கையோ, தானாக விலகியவர், பணிநீக்கம் செய்யப்பட்டவர், ஓய்வு பெற்றவர், பணியில் இருக்கும்போதே இறந்தவர் எல்லோரையும் சேர்த்து எண்ணச் சொல்கிறது. நிதியாண்டின் தொடக்க எண்ணிக்கையையும் இறுதி எண்ணிக்கையையும் கூட்டி இரண்டால் வகுத்த சராசரிதான் பகுதி, அதாவது கீழ் எண். இன்போசிஸ் போன்ற நிறுவனங்கள் காலாண்டுதோறும் சொல்வது வேறு கணக்கு: கடந்த 12 மாதங்களில் தானாக விலகியவர் மட்டும். 2022 மார்ச்சில் அது 27.7% என்று வந்ததே, அந்த எண்ணைச் செபி படிவத்து எண்ணோடு ஒப்பிட முடியாது.

ஒரு கணக்கு: ஏப்ரல் 1 அன்று 400 பேர், மறு மார்ச் 31 அன்று 440 பேர், சராசரி 420. போனவர் 63: விலகியவர் 42, நீக்கப்பட்டவர் 9, ஓய்வு 10, இறப்பு 2. மொத்தம் 15%. விலகியவர் மட்டும் 10%. தொடக்க எண்ணிக்கையால் வகுத்தால் 15.75%, இறுதி எண்ணிக்கையால் வகுத்தால் 14.3%. ஆள் அதே ஆள், ஆண்டு அதே ஆண்டு, விடை நான்கு. ஆகவே நமக்கு ஒரு சொல் அல்ல, குறைந்தது இரண்டு வேண்டும். மொத்தத்துக்கு ‘நீங்குவீதம்’, தானாகப் போனதற்கு ‘விலகுவீதம்’. இரண்டும் வினைத்தொகை. நீங்கு தன்வினை, போனவர், போக்கப்பட்டவர், இறந்தவர் எல்லோருக்கும் இடங்கொடுக்கும்.

———

நீங்குவீதம் நன்று. ஆனால் ‘நீக்குவீதம்’ என்று மூன்றாவதை யாரும் ஆக்கிவிட வேண்டாம். ங்கு, க்கு ஓரெழுத்து வேறுபாடு. எக்செல் தலைப்பில் விரல் தவறினால் பொருள் தலைகீழ். நீக்கப்பட்டவர் கணக்குக்குப் ‘பணிநீக்க வீதம்’ இருக்கட்டும். இன்னொரு சங்கடம்: அடிக்குறிப்பில் ‘ஓய்வு பெற்றோர் நீங்கலாக’ என்று எழுதும் பழக்கம் நமக்கு உண்டு. ‘நீங்குவீதம், ஓய்வு பெற்றோர் நீங்கலாக’ என்றால் படிப்பவர் இரண்டு முறை நிற்பார். அங்கே ‘தவிர்த்து’ என்று மாற்ற வேண்டும்.

வேலையை விட்டவர்களைப் பற்றி ஆலைத் தளத்தில் புழங்கும் சொல் ‘நின்னுட்டாங்க’ என்பது. ‘நின்றோர் வீதம்’ என்று ஏட்டில் எழுதினால் தங்கிவிட்டவர்கள் என்றுதான் யாரும் படிப்பார்கள். அருமையான சொல், பாவம், பயன்படாது.

———

சொல்லோடு வரையறையும் போகட்டும். இல்லாவிட்டால் எந்தச் சொல்லும் கெடும். அடிக்கடி தவறுவது இவை.

தொகுதியும் பகுதியும் ஒரே வகை ஆட்களை எண்ண வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர் போனதைத் தொகுதியில் சேர்த்து, பகுதியில் நிரந்தரப் பணியாளரை மட்டும் வைத்தால் வீதம் வீங்கும். பருவகால ஆட்களையும் எண்ணும் சர்க்கரை ஆலையில் கரும்பு அரைவை நடக்கும்போதே மார்ச் 31 வந்தால், தொடக்கம், இறுதி இரண்டும் உச்சமாக இருக்கும்; சராசரி பெருத்து வீதம் இளைக்கும். அங்கே 12 மாதங்களிலும் ஒவ்வொரு மாதக் கடைசி எண்ணிக்கையின் சராசரியைத்தான் எடுக்க வேண்டும்.

தேதி: விலகல் கடிதம் கொடுத்த நாளா, கடைசி வேலை நாளா? முன்னறிவிப்புக் காலம் 90 நாள் என்றால் ஒரே ஆள் இரண்டு காலாண்டுக்கு நடுவே ஊசலாடுவார். கடைசி வேலை நாளையே கொள்க. கடிதத்தைத் திரும்பப் பெற்றவர் தானாகக் கழிந்துவிடுவார். சொல்லாமல் வராமல் போனவருக்குக் கடைசியாக வருகைப் பதிவான நாள். குழும நிறுவனத்துக்கு மாற்றலாகிப் போனவரை எண்ணுவதா என்பதை அடிக்குறிப்பில் சொல்லிவிட வேண்டும்.

ஒரு மாதத்து 2 சதவீதத்தை 12 ஆல் பெருக்கி 24% என்பதும் கடந்த 12 மாத எண்ணும் ஒன்றல்ல. ஊதிய உயர்வு, ஊக்கத்தொகை கைக்கு வந்த மறுமாதம் கணக்கெடுத்தால் பெருக்கல் பூதம் காட்டும். ‘நகரும் சராசரி’ நம் பாடநூலில் இருப்பதால் இதை ‘நகரும் 12 மாத விலகுவீதம்’ எனலாம். விகிதம் வேண்டாம், அது 3:2 போன்றவற்றுக்கு.

———

ஏற்கிறேன். பட்டியலில் இப்படிப் பதிகிறேன்: நீங்குவீதம் (எல்லாக் காரணமும்), விலகுவீதம் (தானாக), பணிநீக்க வீதம். ஓய்வுக்கும் இறப்புக்கும் தனிச் சொல் வேண்டியதில்லை, எண்ணிக்கையாகவே போடலாம். சேர்ந்து 90 நாளுக்குள் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு சொல் மிச்சம். ‘தொடக்க விலகல்’ என்று யாரும் சொல்லிவிடாதீர்கள், விலகல் மறுபடி வந்துவிடும்.